ஒன்பதாவது டிஸ்க்

டிஸ்க் ஒரு கிண்ணத்தில் வைத்துத் திரும்பி வந்தது. மேலே ஏழு போர்சோக். எண்ணெயில் பொரித்து உப்பிய மாவுத் துண்டுகள், துண்டில் சுற்றியிருந்ததால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன. அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பும் பழக்கம் உஸ்கென் பக்கத்தில் எந்த வீட்டிலும் கிடையாது. ஆனால் சம்பந்தி வீட்டுக்குப் போன கல்யாண டிஸ்க் போர்சோக்கைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தால் அதை மரியாதை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதிலும் ஏழு. செத்தவர்களுக்காகப் பொரிக்கும்போதுதான் ஏழு எண்ணி எடுத்து வைப்பார்கள்.

கொண்டுவந்தவள் தோத்துயா, சம்பந்தியம்மா ஊல்கானின் ஓரகத்தி. மிர்சாக்கேயிலிருந்து உஸ்கெனுக்கு வரும் வண்டியில் பன்னிரண்டு பேர் உட்காரலாம். அந்தப் பன்னிரண்டு பேரும் விஷயத்தைக் கேட்டு, ஆளுக்கொரு தீர்ப்பும் சொல்லி முடித்த பிறகுதான் கிண்ணம் பெண்ணைப் பெற்ற புருலின் கைக்கு வந்தது.

"ஊல்கான் ஒண்ணும் கோவமா சொல்லல," என்றாள் தோத்துயா, உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்துகொண்டு. "'அவங்க காலியா குடுத்திருக்கலாம், நாங்க காலியா திருப்ப மாட்டோம்'னு மட்டும் சொல்லச் சொன்னா."

"காலியா? இதுல ரெண்டு மணி நேரக் கல்யாணம் இருக்கு."

"இருக்கும், இருக்கும். எங்க டெக்குக்குத்தான் தெரியல."

புருலுக்கு உச்சி மயிர் சிலிர்த்தது. ஏழு வருடமாக தபாலாபீஸ் பக்கத்து அறையில் கம்ப்யூட்டரும் டிஸ்க் எழுதும் ரைட்டருமாக உட்கார்ந்திருப்பவள் அவள். உஸ்கெனில் நடந்த எந்த விருந்தும் அவள் கண்ணைத் தாண்டாமல் எந்த வீட்டுக்கும் போனதில்லை. எந்த மாமியார் சபையில் பொய்யழுகை அழுதாள், எந்த மாமா ஆட்டுவால் கொழுப்பைப் பைக்குள் தள்ளினார் எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் பாதியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் டிஸ்க்கில் ஏற்றுவாள். மீதிப் பாதியைத் தெருவுக்கு வாய்மொழியாகக் கொடுப்பாள் என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் டிஸ்க் ஓடவில்லை என்று ஒருவரும் இதுவரை வாசலில் வந்து நின்றதில்லை. முதல் புகார் வந்ததே சொந்த மகள் மைரமின் கல்யாண டிஸ்க்குக்கு.

சீர் என்றால் ஒன்பது ஒன்பதாகத்தான். அதனால் டிஸ்க்கும் ஒன்பது, சம்பந்தி வழியில் ஒன்பது வீடுகளுக்கு. நல்ல காரியமென்று மேற்புறம் பளிச்சென்ற வெள்ளையாக, ஓர் எழுத்துகூட இல்லாத டிஸ்க்குகளாகப் பார்த்து வாங்கியிருந்தாள். பேனாவால் கிறுக்கினால் மளிகைச் சீட்டு மாதிரி ஆகிவிடும் என்று பெயர்கூட எழுதவில்லை. எட்டு வீடுகளில் ஓடின. எட்டு வீடுகளிலிருந்தும் 'ஆட்டம் நல்லா இருந்துச்சு, உங்க தம்பிதான் கொஞ்சம் கூடுதலா குடிச்சுட்டார்' என்று சேதியும் வந்துவிட்டது. ஒன்பதாவது வீடு ஊல்கானுடையது.

தோத்துயா எழுந்தபோது செருப்பை மாட்டிக்கொண்டே கடைசிக் கல்லை எறிந்தாள். "ஆங், மறந்தே போச்சு. பொண்ணை வர்ற வெள்ளிக்கிழமை தாய்வீட்டுக்கு அனுப்பறதா இருந்துச்சில்ல? 'பார்க்கலாம்'னு சொன்னா."

பார்க்கலாம். கல்யாணமாகிப் போன பெண் முதல்முறை தாய்வீட்டுக்கு வர மாமியார் வாயால் சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் வாசற்படி தாண்ட முடியாது. மாப்பிள்ளை கல்யாணமான இரண்டாம் வாரமே வேலைக்கு மாஸ்கோ போய்விட்டான், பரிந்து பேச ஆளில்லை. புருல் ஆடு வாங்கிக் கொல்லையில் கட்டியாயிற்று. அது நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டு, 'உன் மகள் எங்கே' என்று கேட்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

தோத்துயா தெருமுனை திரும்பும் முன்பே புருல் அந்த டிஸ்க்கை டிவியோடு மாட்டியிருந்த தன் வீட்டு டெக்கில் போட்டுப் பார்த்தாள். முதல் நொடியிலேயே ஓடியது. மைரம் வெள்ளை உடையில் காரிலிருந்து இறங்கினாள். புருலுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் செய்தாள்.

"உங்க அத்தையோட டெக்கு முன்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு."

"அம்மா, அதை நான் தொடக் கூடாது."

"தொட வேணாம். தூசி தட்டற மாதிரி தட்டிக்கிட்டே படி."

மறுமுனையில் துணி உரசும் சத்தம். பிறகு மைரம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல எழுத்துகளைக் கிசுகிசுத்தாள். நடுவில் ஒருமுறை குரலை உயர்த்தி, "தோ வரேன் அத்தை, டீக்குத் தண்ணி வச்சாச்சு," என்றாள். கடைசியில், "அம்மா, ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தாள். பிறகு, "இல்ல, வேணாம். நேர்ல சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை புருல் கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, ரைட்டரைப் பிடுங்கி, நோயாளிக் கோழியைப் போல சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓஷ் நகரத்துக்கு வண்டியேறினாள். வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் ஒரு நான் ரொட்டி கவிழ்ந்து கிடந்தது.

"ஏம்ப்பா, நானை இப்படிக் குப்புறப் போட்டுட்டா ஓட்டுவே?" என்றாள்.

"பள்ளத்துல ஏறி இறங்குச்சு அக்கா, அதுவா கவுந்துடுச்சு."

"அதுவா கவுந்தா அதுவா நிமிருமா?" என்று எட்டி அதை நிமிர்த்தி, முத்திரை குத்திய முகம் மேலே தெரியும்படி வைத்துவிட்டுத்தான் சாய்ந்தாள். பின்சீட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள். ரொட்டியைக் குப்புற வைக்கும் மனுஷரை யார்தான் மதிப்பார்கள்.

ஓஷ் சந்தையில் ஷேரலியின் கடை ஓர் இரும்புக் கன்டெய்னர். உள்ளே கேபிளும் டிஸ்க் அடுக்குகளுமாக இருக்கும், நடுவில் அவன் வயிறு. புருல் சால்வையை அவிழ்த்து ரைட்டரை அவன் முன்னால் வைத்தாள். பிறகு ஒன்பதாவது டிஸ்க்கை அதன்மேல் வைத்தாள்.

"'டிஸ்க்னா டிஸ்க்தான் அக்கா, எல்லாம் ஒண்ணு'ன்னு சொன்னது யாரு?"

"நானா?"

"இல்ல, உன் வயிறு. எட்டு வீட்ல ஓடுது, ஒரு வீட்ல ஓடல. அந்த ஒரு வீடு யார் வீடு தெரியுமா? என் சம்பந்தி வீடு."

ஷேரலி டிஸ்க்கைச் சாய்த்து, மினுமினுப்புப் பக்கத்தில் நடுத்துளையைச் சுற்றிப் பொடியாகப் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தான். அவள் எழுதிக்கொண்டுவந்திருந்த டெக்கின் எழுத்துகளைப் படித்ததும் முகம் தெளிந்தது.

"இது ரெண்டாயிரத்து ஒண்ணு மாடலு அக்கா. அந்தக் காலத்து டெக்கு. நீங்க வாங்கினது பிளஸ் போட்ட ரகம். அந்தக் கிழடுங்கள்ல பாதிக்கு மேல மைனஸ் மட்டும்தான் படிக்கும். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், படிக்கற கண்ணுக்குத்தான் வித்தியாசம்."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு வாய் வலிச்சுதா?"

"அன்னிக்கு நீங்க கேட்டது 'என் ரைட்டருக்குச் சேருமா'ன்னு. சேரும், உங்க ரைட்டர் ரெண்டையும் எழுதும். பாக்கப்போற டெக்கு எதுன்னு நீங்க சொல்லலியே."

"சொல்லலன்னா கேக்க மாட்டியா? செருப்புக் கடைக்காரன்கூட யார் காலுக்குன்னு கேக்கறான்."

ஷேரலி ஒரு மைனஸ் அடுக்கை எடுத்து வைத்தான். பதினாறு வேகம் என்று போட்டிருந்ததை அவனே திருப்பி எடுத்தான். "வேணாம், உங்க ரைட்டர் வயசுக்கு இதை அடையாளம் தெரியாம துப்பிடும். எட்டு வேகம் எடுத்துக்கங்க. எழுதும்போது நாலுல எழுதுங்க, பொறுமையா." புருல் அடுக்கின் உறையைக் கிழிக்கச் சொன்னாள். மேலே நாலு நல்லது வைத்து அடியில் வேறு சரக்கைச் சொருகும் வித்தையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அடியிலிருந்து இரண்டை உருவி நிறம் பார்த்தாள், ஓரம் தடவினாள், வெளிச்சத்தில் பிடித்தாள். அங்கேயே ஷேரலியின் கம்ப்யூட்டரில் தன் ரைட்டரை மாட்டச் சொல்லி ஒன்றை எழுதியும் பார்த்த பிறகுதான் முகம் இளகியது.

"இதே மைனஸ்ல பேரு அச்சடிச்சதும் இருக்கு," என்றான் அவன். "விலையும் கம்மி."

"என் பொண்ணு கல்யாணத்து மேல எவனோ கம்பெனிக்காரன் பேரா? எட்டு வீட்டுக்கு வெள்ளை போச்சு. சம்பந்திக்கு மட்டும் விளம்பரமா? வெள்ளையே குடு."

ஞாயிற்றுக்கிழமை மதியம், மடியில் ஒன்பது நான் ரொட்டி, மேலே பட்டுத்துணியில் புது டிஸ்க், பைக்குள் பழைய டிஸ்க் என்று மிர்சாக்கேயில் போய் இறங்கினாள். ஊல்கான் வீட்டில் தோத்துயாவும் இன்னும் இரண்டு பெண்களும் தற்செயலாக வந்தவர்கள்போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மைரம் வெள்ளைத் தலைத்துணியோடு குனிந்து வணங்கி டீ ஊற்றினாள். அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். எதையோ சொல்ல வந்து கண்ணோடு நிறுத்திக்கொண்ட பார்வை. புருல் அதை ஏக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

டெக் வெல்வெட் துணிக்கடியில், குல்லா போட்ட கிழவரைப்போல வீற்றிருந்தது. ஊல்கானின் காலஞ்சென்ற கணவர் காஷ்கரிலிருந்து சுமந்து வந்தது, மிர்சாக்கேயிலேயே முதல் டெக். ஊல்கானைத் தவிர அதை ஒருவரும் தொட்டதில்லை.

"தப்பு டெக்கோடதுன்னு சொல்ல வரல, சம்பந்தி," என்று புருல் வழியெல்லாம் உருட்டி வைத்திருந்த பேச்சை எடுத்தாள். "டிஸ்க்குல ரெண்டு ஜாதி இருக்கு. கடைக்காரன் உங்க டெக்குக்குச் சேராத ஜாதியைக் குடுத்துட்டான். இது சேர்ற ஜாதி. நானே அலசிப் பாத்து வாங்கினேன்."

"எங்க டெக்கு எல்லாத்தையும் படிக்கும்," என்றாள் ஊல்கான். "இந்திப் படம், துருக்கி நாடகம், எல்லாம் படிச்சிருக்கு. உங்க டிஸ்க்கை மட்டும்தான் படிக்கல." ஆனாலும் எழுந்தாள்.

வெல்வெட்டை மடித்தாள், தட்டு வெளியே வந்தது, உள்ளே போனது. டெக் உறுமியது, யோசித்தது. பிறகு பச்சை எழுத்தில் டிஸ்க்கே இல்லை என்றது.

தோத்துயா டீக்கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாவது கிண்ணமும் காலி," என்றாள் தோத்துயா.

ஊல்கான் உட்காரவில்லை. "சம்பந்தி, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. ஊருக்கெல்லாம் நல்லா எழுதறீங்க. என் வீட்டுக்கு வந்தா மட்டும் எழுத்து அழிஞ்சிடுதா? உங்க பொண்ணுக்கு நான் தலைத்துணி கட்டினது உங்களுக்குப் பிடிக்கலைன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

புருலின் காது மடல் கொதித்தது. ஓஷுக்கு ஓட்டம், ரைட்டரைப் பிடுங்கியது, நாலு வேகத்தில் எழுதிவிட்டு மூன்று டெக்குகளில் ஓட்டிச் சோதித்தது எல்லாம் தொண்டைவரை வந்து நின்றன. "இன்னொரு தடவை போடுங்க," என்றாள். இந்த முறை நாகரிகம் பார்க்காமல் கிட்டேயே போய் நின்றுகொண்டாள்.

அப்போதுதான் பார்த்தாள்.

ஊல்கான் டிஸ்க்கை இரண்டு கைகளாலும் எடுத்தாள். இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒருபுறம் மாவு படிந்த ரொட்டி அடிபோல வெறும் வெள்ளை. மறுபுறம் வானவில் ஓடும் மினுமினுப்பு. மினுமினுப்பு மேலே இருக்கும்படி, விருந்துத் துணியில் நானை வைக்கும் அதே பக்குவத்தோடு தட்டில் வைத்தாள். படம் போட்ட டிஸ்க்கில் படம்தான் முகம், அதை மேலே வைத்திருப்பாள். இதில் படமில்லை. பளபளப்பதை விட்டு வெறும் வெள்ளையை முகமென்று யார் நினைப்பார்கள்? முகத்தைக் குப்புற வைக்க எந்தக் கை வரும்? மூன்று நாளுக்கு முன்னால் வண்டிக்காரனோடு சண்டை போட்ட கைகூட வராது.

புருலின் வாய்க்குள் இருபது வார்த்தைகள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் நல்ல கூரான வார்த்தை. ஊரெல்லாம் எனக்குக் காலிக் கிண்ணக்காரி என்று பட்டம் கட்டினீர்களே, இவ்வளவு பெரிய டெக்கின் சொந்தக்காரிக்கு டிஸ்க்கின் முகம் எது முதுகு எது என்று தெரியாதா என்பது முதல் வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அன்று ராத்திரியே மிர்சாக்கே முழுக்கச் சிரித்திருக்கும். தோத்துயா அதைப் பன்னிரண்டு பேர் வண்டியில் ஏற்றி உஸ்கென்வரை கொண்டுபோயிருப்பாள். சொந்த வீட்டில், சொந்த டெக்கின் முன்னால் ஊல்கான் தலைகுனிந்திருப்பாள். அந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் டீ ஊற்றியே தீர்க்க வேண்டியவள் மைரம்.

டெக் மறுபடியும் இல்லை என்றது.

"தப்பு என்னுதுதான், சம்பந்தி," என்றாள் புருல். அந்த மூன்று வார்த்தையைச் சொல்வதற்குள் அவளுக்கு மூன்று வயது கூடியிருக்கும். "அவசரத்துல டிஸ்க்கை முடிக்காமயே கொண்டுவந்துட்டேன். ஒரு வேலை பாக்கி இருக்கு. குடுங்க."

பையிலிருந்து தடித்த பேனாவை எடுத்தாள். வெள்ளைப் பக்கத்தில், நடுத்துளையைச் சுற்றி, ரொட்டிக்கு முத்திரை குத்துவதுபோலப் புள்ளிப் புள்ளியாக வட்டம் போட்டாள். ஓரத்தில் இலைகள். மேலே மகன் பெயர், கீழே மருமகள் பெயர், நடுவில் கொட்டை எழுத்தில் ஊல்கான் வீட்டுக் கல்யாணம் என்று. மை காயும்வரை ஊதினாள். பிறகு அந்தப் பக்கம் மேலே தெரியும்படி இரண்டு கையாலும் நீட்டினாள்.

ஊல்கான் பார்த்தாள். தன் பெயரைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். வந்தபடியே கொண்டுபோய்த் தட்டில் வைத்தாள்.

டெக் உறுமியது, யோசித்தது. திரையில் கார் வந்து நின்றது, மைரம் இறங்கினாள்.

"ஆக, முடிக்காம கொண்டுவந்திருக்கீங்க," என்றாள் ஊல்கான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏழு வருஷத் தொழில், சொந்தப் பொண்ணு கல்யாணம். அதுல போய் அரைகுறை வேலையா?"

"ஆமாம், சம்பந்தி."

"பேனாவால கோடு போட்டா ஓடும்னா எல்லாருக்கும் அப்படியே போட்டுக் குடுக்க வேண்டியதுதானே?" என்றாள் தோத்துயா.

"இனிமே போடறேன், தோத்துயா," என்றாள் புருல்.

முக்கால் மணி நேரம் கழித்து அந்த இடம் வந்தது. திரையில் ஊல்கான், மணப்பெண்ணின் தலையில் வெள்ளைத் துணியைக் கட்டுகிறாள். முடிச்சு நழுவுகிறது, மறுபடி கட்டுகிறாள். வீட்டு ஊல்கான் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி அதை மறுபடி பார்த்தாள். மூன்றாம் முறையும் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவர் இருந்திருந்தா இதைத் தினமும் போடச் சொல்லியிருப்பார்," என்றாள். இத்தனை நாளாக இந்தப் பெண்மணி எதற்காக அப்படிக் குதித்தாள் என்று புருலுக்கு அப்போது விளங்கியது. விளங்கியதே தவிர ஆத்திரம் ஆறவில்லை. இரண்டும் ஒரே வயிற்றில் இடம் பிடித்துக்கொண்டன.

கிளம்பும்போது பழைய டிஸ்க்கையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். இனி அது யாருக்கும் வேண்டாம் என்பதுபோல.

"வெள்ளிக்கிழமை அனுப்பி வைக்கறேன்," என்றாள் ஊல்கான் வாசலில். "மூணு நாள் வச்சுக்கங்க. ஆடு வாங்கிட்டீங்களாமே?"

வெள்ளிக்கிழமை மைரம் வந்தாள். ஆடு போனது, உறவுகள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், அழுதார்கள், போனார்கள். சனிக்கிழமை காலையில் தாயும் மகளும் சமையலறையில் தனியாக இருந்தபோது புருல் அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்தாள். மாமியாரின் அந்தத் தப்பை, அதைத் தான் விழுங்கிய பெருந்தன்மையை, ஓரங்கள் எல்லாம் கூர்தீட்டிச் சொன்னாள். மைரம் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு முதல் நாளே தெரியும்மா. டீ ஊத்தும்போது பாத்தேன்."

"தெரியுமா? தெரிஞ்சுமா என்னை ஓஷுக்கு ஓட விட்டே? போன்ல வாயைத் திறக்கறதுக்கென்ன?"

"ரெண்டு கதவு தள்ளி அவங்க நிக்கறப்பவா? வந்து ஒரு மாசம்கூட ஆகல. 'அத்தை, நீங்க குப்புற வைக்கறீங்க'ன்னு நான் சொன்னா அந்த வீட்ல எனக்கு என்ன பேரு வரும்? நீ ஏன் சொல்லல?"

புருல் கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள்.

"இன்னொண்ணு," என்றாள் மைரம். "புதன்கிழமை அத்தை சந்தைக்குப் போனப்ப, நீ விட்டுட்டுப் போன பழைய டிஸ்க்கை எடுத்து, சரியான பக்கமா அந்த டெக்குல போட்டுப் பாத்தேன்."

"ம்."

"ஓடல."

"சரியான பக்கமாவா போட்டே?"

"வெள்ளை மேல. மூணு தடவை. டிஸ்க் இல்லைன்னுதான் சொல்லுச்சு."

புருல் கத்தியைக் கீழே வைத்தாள். ஆக, ஷேரலி சொன்னது நிஜம். முதல் டிஸ்க் அந்த டெக்குக்கு ஆகாத டிஸ்க்தான். ஊல்கான் எந்தப் பக்கமாக வைத்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. மகளுக்காகச் சபை நடுவே ஒரு பெரிய பொய்யைச் சொன்னோம் என்று ஒரு வாரமாக நெஞ்சுக்குள் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாளே, அதுவும் போயிற்று. தப்பு என்னுதுதான் என்று அவள் சொன்னது அப்பட்டமான உண்மை. சம்பந்தியம்மா தப்பான காரணத்துக்காகச் சரியாகத் திட்டியிருக்கிறாள். இதைவிட அக்கிரமம் உண்டா?

"இதை நீ யார்கிட்டயாவது சொன்னே," என்றாள், "உன்னை மறுபடியும் மிர்சாக்கேக்கே அனுப்பிடுவேன்."

"திங்கக்கிழமை எப்படியும் போகத்தானே போறேன்," என்று மைரம் சிரித்துக்கொண்டே தன் மூட்டையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து துண்டில் சுற்றிய ஒரு கிண்ணம் வந்தது. "அத்தை குடுத்து விட்டாங்க. உன் பழைய டிஸ்க்கு. சும்மா திருப்பக் கூடாதுன்னு."

மேலே போர்சோக் இருந்தன. புருல் வேண்டாவெறுப்பாக, ஆனால் ஒன்றுவிடாமல் எண்ணினாள். ஒன்பது. ஒன்றை எடுத்துக் கடித்தாள். உப்பு கொஞ்சம் குறைவு என்று தெருவில் நாலு பேரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இரண்டாவதையும் எடுத்தாள்.